வால்வு ஸ்பிரிங் தேர்வுக் குழு

நகராட்சித் தலைவரின் கார் நல்ல கார். சாவியைத் திருப்பினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். ஒரு காரிடம் ஒரு நகராட்சி இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்கு இருந்த ஒரே குறை, நிற்கும்போது சத்தம் போடாமல் நின்றது.

இந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் தலைவரின் மச்சான். அவர் தன் கார் எஞ்சினில் காம் ஷாஃப்ட் என்ற பாகத்தைப் புதிதாக மாற்றியிருந்தார். கார் நின்ற இடத்தில் நின்றபடியே 'தபக் தபக்' என்று உறுமும். பக்கத்துக் கடையில் கண்ணாடி டம்ளர்கள் ஆடும். அந்த வருஷம் ஊரில் அதுதான் மோகம். வசதி உள்ளவன் காம் மாற்றினான், இல்லாதவன் சைலன்ஸரில் ஓட்டை போட்டுக்கொண்டான். ஒருநாள் சிக்னலில் இரண்டு கார்களும் அருகருகே நின்றன. மச்சான் கண்ணாடியை இறக்கி, "மாமா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா? தள்ளணுமா?" என்று அக்கறையாக விசாரித்தார். தலைவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே, 'மக்கள் பணியின் வேகத்தை மேம்படுத்தும் பொருட்டு மாண்புமிகு தலைவர் அவர்களின் வாகன எஞ்சினை வீதிச் செயல்திறன் நிலைக்கு உயர்த்துதல்' என்ற தலைப்பில் ஒரு குழு அமைந்தது. குழுவுக்குப் பொறுப்பு, நகராட்சிப் பொறியாளர்.

பொறியாளருக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு கவலை. அவருடைய மனைவியும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் போய்ச் சேரலாம். இடமாற்றம் கேட்டு எழுதிய மனு தலைவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. போனமுறை அவர் வீட்டுக்குப் போனபோது மகள் வாசலிலேயே மறித்து, "நீங்க இப்ப வர்ற அப்பாவா, போற அப்பாவா?" என்று கேட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் கதவுகள் உண்டு. அவைதான் வால்வுகள். கதவு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது காம் ஷாஃப்ட். அது சொன்னபடி கதவைத் தள்ளித் திறப்பது ராக்கர். திறந்த கதவை இழுத்துச் சாத்துவது ஸ்பிரிங். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தெருவில் ஓடும் வண்டிக்கு ஒரு கூட்டணி, பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு வேறு கூட்டணி. பொறியாளர் இதையெல்லாம் படித்து, முதல் வகுப்பில் தேறியவர்.

ஆனால் அந்த அலுவலகத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதை வாங்கினாலும் பிரிவுக்கு ஒரு பாகமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு கலந்து பேசக் கூடாது. பேசினால் பாரபட்சம் வந்துவிடும். கூட்ட அரங்கம் கட்டியபோது வாசல் நிலையை ஒரு பிரிவும் கதவை இன்னொரு பிரிவும் வாங்கின. அந்தக் கதவு இன்றுவரை சாத்தப்பட்டதில்லை. 'மக்களுக்காக என்றும் திறந்திருக்கும் அரங்கம்' என்று அதன் மேல் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த அரங்கத்தில்தான் குழு கூடியது.

காம் ஷாஃப்ட்டைத் தலைவரே தேர்ந்தெடுத்தார், காதால். உதிரிபாக வியாபாரி ஒவ்வொரு காமும் நிற்கும்போது எப்படி உறுமும் என்று செல்போனில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். முதல் சத்தத்தைக் கேட்டுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதைக் கேட்டு, இது எஞ்சின் மாதிரியே இருக்கிறது என்று தள்ளிவிட்டார். மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பந்தயத்துக்கென்றே செய்தது, தலைதெறிக்கிற வேகத்தில்தான் இழுக்கும், தெருவுக்கு அவ்வளவாக ஆகாது என்று வியாபாரி இழுத்தார்.

"தெருவுல நிக்கறப்ப இப்படித்தானே கேக்கும்?"

"நிக்கறப்ப இதேதான் சார்."

"அப்புறம் என்ன?"

ஸ்பிரிங் சுகாதார அதிகாரிக்கு. அவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முரட்டு ஸ்பிரிங் ஒன்று நழுவி நகத்தைப் பதம் பார்த்தது. மக்கள் பணத்தில் வாங்குகிற பொருளுக்கு இத்தனை கடுமை கூடாது என்று சொல்லி, இருப்பதிலேயே மென்மையானதை எடுத்துக்கொண்டார். ராக்கர் சட்ட ஆலோசகருக்கு. தங்க நிறத்தில் ஒன்று இருந்தது. தங்க நிறத்துக்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை என்று அவர் உறுதி செய்தார்.

பொறியாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்த காமுக்கு இந்த ஸ்பிரிங் என்றால், வேகம் ஏறும்போது வால்வுகளை ஸ்பிரிங் நேரத்துக்குச் சாத்தாது. வேகம் ஏறாவிட்டாலோ காம் இழுக்காது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தார், மாதிரிக்கு வந்த காம் ஷாஃப்ட்டைத் தலைவர் தன் மேஜையிலிருந்து கையெழுத்துக்குக் கொண்டுவந்த காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். அதன் அடியில் இருந்து எட்டிப் பார்த்தது அவருடைய இடமாற்ற மனு.

"என்ன இன்ஜினியர், ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல சார். தேர்வு ரொம்பப் பொருத்தமா இருக்கு."

சொன்னபிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது. மனுவைப் பார்த்தார், வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

பட்டறை மெக்கானிக் எல்லாவற்றையும் வாங்கி மாட்டினார். இது ஓடுமா என்று பொறியாளர் மெல்லக் கேட்டதற்கு, தன் பிரிவுக்கு ஒதுக்கியது மாட்டுவது மட்டும்தான், ஓடுவது யாருடைய பிரிவோ அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. தலைவர் சாவியைத் திருப்பினார். 'தபக் தபக் தபக்.' அலுவலக ஜன்னல்கள் அதிர்ந்தன. ஊழியர்கள் கை தட்டினார்கள். மச்சானின் முகம் சுருங்கியதைத் தலைவர் கண்ணாரப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார். கார் ஒரு முழம் நகர்ந்து அணைந்தது. மறுபடி கிளப்பி, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார். உள்ளே தகரக் கொட்டகையில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு மறுபடி அணைந்தது.

பொறியாளரைக் கூப்பிட்டார்கள்.

"குறைஞ்ச வேகத்துல காம் விடாது சார். கூடுதல் வேகத்துல ஸ்பிரிங் விடாது."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல சார்."

தலைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். பொறியாளருக்கு மனுவும் போச்சு, மகளும் போச்சு என்று தோன்றியது.

"நிக்கறப்ப?"

"நிக்கறப்ப இதுக்கு ஈடே கிடையாது சார்."

"அப்ப சரி. நான் எங்கய்யா போகப் போறேன்? எல்லாரும் என்கிட்டதானே வர்றாங்க."

அன்றிலிருந்து கார் அலுவலக வாசலில் காலை முதல் மாலை வரை உறுமிக்கொண்டு நின்றது. பலன் உடனே தெரிந்தது. தலைவர் எந்த நிமிஷமும் ஆய்வுக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்து ஊழியர்கள் நேரத்துக்கு வந்தார்கள். புகார் சொல்ல வந்தவர்கள், இவ்வளவு அவசரத்தில் இருக்கிற மனிதரைத் தொந்தரவு செய்வானேன் என்று திரும்பிப் போனார்கள். புகார்கள் குறைந்ததால் நிர்வாகம் சிறந்தது என்று மேலிடம் பாராட்டியது. குழுவின் தேர்வு 'முன்மாதிரித் தேர்வு' என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பின் அடியில் பொறியாளரின் பெயர் போட்டு எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினார்கள்.

தண்ணீர் லாரிக்கு அதே காம் வந்தது. தண்ணீர் வராத தெருக்களிலும் லாரியின் சத்தம் வந்தது. தீயணைப்பு வண்டிக்கும் வந்தது. ஒரு மரக்கடை எரிந்தபோது அது நிலையத்தில் நின்றபடி ஊருக்கே கேட்க உறுமியது, தீயும் எரிக்க ஒன்றுமில்லாமல் தானே அணைந்தது. கடைக்காரர் மட்டும் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள், அந்தச் சத்தம் தனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று அவரே பேட்டி கொடுத்தார்.

கடைசியில் மனுவிலும் கையெழுத்து விழுந்தது. "உங்கள மாதிரி ஒத்துப்போற ஆளு கிடைக்கமாட்டாங்க" என்று தலைவர் தோளில் தட்டி வழியனுப்பினார்.

பொறியாளர் பெட்டியோடு பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஊருக்குப் போகும் பஸ் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகளுக்கு வாங்கிய பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைந்திருந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினார்.

'தபக் தபக் தபக்.'

"புது எஞ்சின் சார்," என்றார் கண்டக்டர் பெருமையாக. "ஏதோ கமிட்டி வெச்சு செலக்ட் பண்ணாங்களாம். என்ன கம்பீரம் பாருங்க."

பயணிகள் எல்லோரும் தலையை ஆட்டி ரசித்தார்கள். பஸ் உறுமியது, அதிர்ந்தது, அணைந்தது, மறுபடி உறுமியது. ஜன்னலுக்கு வெளியே இருந்த பழக்கடை அதே இடத்தில் இருந்தது. அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, கிளம்பிட்டீங்க போல. சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே," என்றாள் மனைவி. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, இப்ப நீங்க வர்ற அப்பாதானே?"

பொறியாளர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் அது யார் தேர்ந்தெடுத்த எஞ்சின் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"வந்துட்டே இருக்கேன்மா," என்றார்.

பக்கத்து இருக்கைக்காரரும் தன் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.