யானை வீட்டு ப்ரீஆம்ப்பும் பாம்புக் காதும்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், கதை வேண்டுமானால் பேசாமல் கேளுங்கள்) நுண்செவி மன்றம் என்று ஒரு சங்கம் இருந்தது. பாட்டுக் கேட்கிற சங்கம் இல்லை, பாட்டுப் பெட்டி கேட்கிற சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வீட்டிலாவது கூடுவார்கள். பெட்டியை முடுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, பாடுற அம்மா அரை அடி இடதுபக்கமா நிக்கிறாங்க" என்று உருகுவார்கள். என்ன பாட்டு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

மன்றத்தின் நடுவர் நெளியரசு என்ற சாரைப்பாம்பு. பாம்புக் காது ரொம்பக் கூர்மை என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அந்த ஒரே தகுதியில் கிடைத்த பதவி. விண்ணப்பத்தில் 'இனம்: பாம்பு' என்று பார்த்த மாத்திரத்தில் முத்திரை குத்திவிட்டார்கள். எங்கே காதைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனால் காட்டியிருக்க முடியாது. நெளியரசுவுக்குக் காதே கிடையாது.

பாவம், அவன் ஏமாற்ற வந்தவன் இல்லை, உயிருக்குப் பயந்து வந்தவன். மன்றத்தின் ஒன்பதாம் விதி இப்படிச் சொல்கிறது: 'நடுவரைக் காட்டில் எவரும் தின்னக் கூடாது. மீறினால் யானை மிதிக்கும்.' கீரிகள் பெருத்துப்போன காட்டில் ஒரு பாம்புக்கு இதைவிட என்ன சம்பளம் வேண்டும்? பதவி இருக்கிறவரை உயிர் இருக்கும். பதவி போன மறுநிமிஷம் அவன் யாருக்கோ மதியச் சாப்பாடு.

பிழைப்பு எப்படி ஓடியது என்கிறீர்களா? பேச்சை வாயசைவு பார்த்தே பிடித்துக்கொள்வான். பாட்டு என்றால் தாடையைத் தரையில் அழுத்துவான், அதிர்வு கொஞ்சம் ஏறிவரும். அது போதாவிட்டால் சுற்றியிருக்கிற முகங்களைப் பார்ப்பான். மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடியிருப்பார்கள். பாம்புக்கு இமை இல்லை, மூடவும் முடியாது. "நடுவரய்யா கண்கொட்டாம கேக்குறார் பாருங்க" என்று அதற்கும் ஒரு தனி மரியாதை! யானையின் தும்பிக்கை சுருண்டால் பெட்டி பிரமாதம், கரடி மூக்கைச் சொறிந்தால் சுமார். ஆறு வருஷமாக ஒரு தீர்ப்பும் பிசகவில்லை.

இந்த நிலைமையில்தான் மன்றத் தலைவர் யானை மாசிலாமணி முதலாளி ஒரு ப்ரீஆம்ப் வாங்கினார்.

ப்ரீஆம்ப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டை எடுத்துக் கொடுக்க ஒரு பெட்டி உண்டு. அதைப் பெரிய சத்தமாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ள ஒரு பெட்டி உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற பெட்டிதான் ப்ரீஆம்ப். எந்தப் பெட்டியின் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று திருகுவதற்கு அதில் ஒரு குமிழ் இருக்கும். மற்றபடி அது பாட்டில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. அதாவது சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு விலை. யானை வாங்கியது அப்பழுக்கில்லாமல் சும்மா இருக்கிற ரகம். அதற்குக் கரண்ட் கொடுக்க மட்டும் தனியாக இன்னொரு பெட்டி, அதற்கும் தங்கப் பூச்சு.

வாங்கி வந்து பன்னிரண்டு நாள் இரவும் பகலும் அதை ஓடவிட்டார் யானை. பழகாத பெட்டி வாய் திறக்காது என்பது மன்றத்தின் நம்பிக்கை. அந்தப் பன்னிரண்டு நாளும் சத்தம் தாங்காமல் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் மாமியார் வீட்டில் இருந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய ப்ரீஆம்ப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நெளியரசு வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்ததும் அவன் முதலில் பார்த்தது தரையைத்தான். பெட்டிகளுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அடியில் கூர்மையான பித்தளைக் கால்கள். அதற்கடியில் கருங்கல் பலகை, அதற்கும் அடியில் ரப்பர் மெத்தை.

"ஒரு பொட்டு அதிர்வு தரைக்கு இறங்காது நடுவரய்யா!" என்றார் யானை பெருமையாக.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டான் நெளியரசு. சரி, முகங்கள் இருக்கின்றனவே, சமாளித்துக்கொள்ளலாம்.

அதற்கும் வேட்டு வைத்தது வேட்டைக்கண்ணு. மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த கீரி. போன வாரம் நெளியரசுவின் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை தும்மிப் பார்த்தது. நடுவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அதற்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது.

"தலைவரே, ஒரு சின்ன விண்ணப்பம்" என்றது கீரி. "நாம எல்லாரும் கண்ண மூடிக் கேக்குறோம். நடுவர் மட்டும் முழிச்சிருந்தா பெட்டியோட பளபளப்பு மனசக் கெடுத்துடாதா? அவர் கண்ணையும் கட்டிரலாம். எந்தப் பெட்டி பாடுதுன்னு எனக்கு மட்டும் தெரியட்டும். அவர் கேட்டுச் சொல்லட்டும்."

"நியாயம்தானே" என்றது கரடி.

"பாம்புக் காதுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா?" என்று சிரித்தது மயில்.

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று யானையே மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். "தப்பாச் சொன்னா... வேற நடுவரத்தான் பாக்கணும்." கீரி உதட்டை நக்கிக்கொண்டது.

கண்ணைக் கட்டினார்கள். நெளியரசு பிறந்ததிலிருந்து கண்ணை மூடிய இருட்டைப் பார்த்ததே இல்லை, தூக்கத்தில்கூட. தாடையைத் தரையில் அழுத்தினான். கருங்கல்லும் ரப்பரும் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தன. ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினான், தாடை வலித்ததுதான் மிச்சம். ஐயோ, முட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாமே, எதற்காக உடைத்துக்கொண்டு வந்தேன் என்று அழுகை முட்டியது.

பேச்சுச் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்பதால், பாட்டு முடிந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவதாக ஏற்பாடு. வெகுநேரம் கழித்துத் தட்டு விழுந்தது. தட்டினது கீரி நகம். எங்கே சதை கூடுதல் என்று பார்க்கிற தட்டு.

சாகிறவனுக்கு என்ன பயம்? யோசித்தான். புதுப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவன் பழைய பெட்டியைப் பாராட்டினால் மகிழ்வானா? வாயைத் திறந்தான்.

"தலைவரே, என்னன்னு சொல்றது! பின்னணி அப்படி ஒரு கறுப்பு, இரைச்சலே இல்ல. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல ஒரு தூசி தும்பு இல்ல. பெட்டின்னு ஒண்ணு இருக்குறதே தெரியல. சந்தேகமே வேண்டாம், இது புதுசு!"

துணியை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது கீரியின் வாய். அது காதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

"மாட்டிக்கிட்டியா!" என்று குதித்தது கீரி. "புதுசும் இல்ல, பழசும் இல்ல. நான் பட்டனை அமுக்குறப்பவே கரண்ட் போயிருந்துச்சு! இன்னிக்குப் பராமரிப்பு வேலையாம், பன்னிரண்டு மணிவரைக்கும் வராது. ஒரு பெட்டியும் பாடல. இவனுக்குக் காதே இல்ல தலைவரே! எல தழ ஏதாச்சும் இருந்தா கொடுங்க, சுத்தி வெச்சுச் சாப்பிடுறேன்."

நெளியரசு அப்படியே சுருண்டுபோனான். முடிந்தது கதை என்று யானையின் முகத்தைப் பார்த்தான். அங்கே வேறொரு சங்கடம் ஓடிக்கொண்டிருந்தது. யானையின் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. இரண்டாவது சரணத்தில் அழுதிருந்தார். கரடி மூன்று தடவை "பலே" சொல்லியிருந்தது. மயிலுக்குத் தோகையே சிலிர்த்திருந்தது. கரண்ட் போனதை அவர்களில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார் யானை.

"கரண்ட் இல்லாமலே இப்படிப் பாடுதுன்னா, அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பெட்டி!"

"அதானே!" என்று துள்ளியது மயில். "கரண்டுல இருக்குற அழுக்கு பாட்டுல கலக்கல பாருங்க, அதான் இவ்வளவு சுத்தம்."

"நானும் வீட்டுக்குப் போனதும் ஒயரைப் பிடுங்கிடுறேன்" என்றது கரடி.

"யோவ், பாடவே இல்லைய்யா!" என்று கத்தியது கீரி. அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டு மணி ஆகுமுன்பே கரண்ட் வந்துவிட்டது.

பாட்டு வந்தது. யாரோ ஒரு பெண் களையெடுத்துக்கொண்டே பாடுகிற மாதிரி நல்ல பாட்டு. கீரிக்குக் கோபம் மறந்துபோய்க் கால் தாளம் போட ஆரம்பித்தது. "அட, நல்லாருக்கே" என்றுகூடச் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு முகம் கோணியது. கரடி மூக்கைச் சொறிந்தது. நெளியரசு அதைப் பார்த்தான், உடனே தானும் முகத்தைச் சுளித்தான்.

"அணைங்க, அணைங்க! கரண்ட் கலந்துடுச்சு!" என்று காதைப் பொத்தினார் யானை. நடுவரின் சுளிப்பைக் காட்டி, "பாருங்க, அவருக்கு எப்படி வலிக்குதுன்னு!"

பாட்டை ரசித்த குற்றத்துக்காக வேட்டைக்கண்ணுவை அன்றே மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனது. மெயின் சுவிட்சைப் பிடுங்கி எறிந்தார்கள். நெளியரசுவை ஆயுள்கால நடுவராக்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உயிரில்லாத பெட்டிக்கு முன்னால் மொத்தக் காடும் கண்ணை மூடி உட்கார்ந்து தலையாட்டியது.

நெளியரசுவுக்கு மனசு உறுத்தியது. என்ன இருந்தாலும் உயிரைக் காக்கிறவர் யானை இல்லையா? ஒரு நாள் யானையின் பக்கத்தில் ஊர்ந்துபோய், உயிரே போனாலும் சரி என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

"முதலாளி, என்னை மன்னிச்சுடுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்கும்தான் கேக்கல நடுவரய்யா. அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணேன்!"

நீதி: காது இல்லையே என்று கலங்க வேண்டாம், பெரிய இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டு, அங்கே கரண்ட் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.