இட்லி ஸ்டீமருக்கு விமானச் சட்டம்

"...பிளேன் தரையில நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டீமர ஆன் பண்ணணுமாம்லா! அண்ணாச்சி, பிளேனுக்கு நான் எங்க போவேன்?"

சிரித்தபடி கேட்டவர் பார்வதி அக்கா. தாணேயில் கேண்டீன் நடத்துபவர். தாராவியில் அண்ணாச்சி நடத்தும் எங்கள் ஸ்டீமர் பட்டறைக்கு வந்து, வாங்கிய ஆறு இட்லி ஸ்டீமர்களை டெம்போவில் ஏற்றுவதற்கு முன் கையேட்டைப் பிரித்துவிட்டார். (கையேட்டை வாசிக்கும் வாடிக்கையாளர் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.)

எழுதியவன் நான்.

ஒரே விஷயத்தை மூன்று அளவு ஸ்டீமருக்கும் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், எக்ஸ்எம்எல் என்ற கணினி எழுத்துமுறைக்கு மாறலாம் என்று சொன்னவனும் நானே. ஒரு தடவை எழுதினால் போதும். கையேடு, சுவர் அட்டை, ஃபோன் பக்கம் எல்லாம் அதிலிருந்தே வரும். அதற்கு ஒரு ஸ்கீமா வேண்டும். எது எந்தக் கட்டத்தில், எந்த வரிசையில் என்று சொல்லும் சட்டம். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சின்னது ஒன்று இருந்தது. விமானப் பராமரிப்புக்கென்று செய்த பெரியதும் இருந்தது.

"பெருசையே எடும்வே. பிள்ளைக்கு யூனிபார்ம் ஒரு சைஸ் கூடத்தான எடுக்கோம்? நாளைக்கு வளருவோம்லா," என்றார் அண்ணாச்சி.

தடுத்திருக்க வேண்டியவன் நான். எக்ஸ்எம்எல்லை யூடியூபில் படித்தவனுக்கு விமானம் என்றதும் தலைகால் புரியவில்லை.

நாங்கள் வளரவில்லை. நான்தான் தேய்ந்தேன். 'தொடங்குமுன் நிபந்தனை' என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சட்டம் அச்சுக்கே விடாது. மூன்று மாதம் மல்லுக்கட்டிய களைப்பில், அதனுடன் வந்த மாதிரிக் கோப்பில் இருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவைத்தேன், அப்புறம் மாற்றலாம் என்று. ஒரு தடவை எழுதினால் எல்லாவற்றிலும் வரும் என்று நான் சொன்னது பொய்யில்லை. எல்லாவற்றிலும் விமானம் வந்திருந்தது.

பார்வதி அக்காவின் சிரிப்பு நின்றது. "இத நம்பி எங்க பொம்பளைங்கள மெஷின்கிட்ட விடமாட்டேன். ஆவி மூஞ்சில அடிச்சா யாரு பதில் சொல்லுவா? ஸ்டீமரே வேண்டாம்."

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி. அந்த மூன்று மாதத்தில் அவர் வாங்கிய ஒரே பெரிய ஆர்டர் அது.

"சின்ன ஸ்கீமாவுக்கு மாத்திடறேன் அக்கா. இன்னிக்கே," என்றேன்.

அந்தச் சின்னதுதான் இன்றும் ஓடுகிறது. வீட்டில் நான் குக்கரைத் தொட்டால் போதும், "பிளேன் இறங்கியாச்சா?" என்கிறாள் மனைவி. செம்பூரில் இருக்கும் மாமனார் வரை இது போய்விட்டது.

அன்று பார்வதி அக்கா கிளம்பவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றினார். "நான் செய்யச் செய்ய எழுது தம்பி. ஆவி அடங்காம மூடியத் தொறக்கக் கூடாது, அத மொதல்ல போடு." அச்சாகி வந்த தாளை வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். பிறகு வாசலுக்குப் போய் டெம்போக்காரரிடம், "பையா, மால் சடாவோ," என்று சரக்கை ஏற்றச் சொன்னார்.