கற்பூரம் காட்டிவிட்ட கலங்கரை விளக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை தமிழரசுக்கு,

கடலோர உப்பளக் கொட்டகையிலிருந்து உன் மச்சான் சின்னுசாமி எழுதுவது. இங்கே நானும் நம் போர்வெல் ரிக் ஆட்கள் நால்வரும் உப்புக் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நலம். ஓமலூரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

பழைய கலங்கரை விளக்கத்தை இடிக்கும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டேன். போனில் சொன்னால் கத்துவாய், அதனால் கடிதம்.

விளக்கு அணைந்து நாற்பது வருடமாயிற்று, என் இடத்தில் சும்மா நிற்கிறது, இடித்துத் தாருங்கள் என்றார் போர் போட நம்மைக் கூப்பிட்ட உப்பளக்காரர். ஆயிரம் அடி கீழே போர் போட்டவனுக்கு நூறடி மேலே என்ன பெரிது என்று சுவரைத் தட்டிக்கொண்டே ஏறினேன். போர்க் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் மாதிரி பிசகாத வட்டம், அடியில் சுவர் ஆறடி கனம், போகப் போகச் சிறுத்து உச்சியில் இரண்டடி, ஒவ்வொரு கல்படிக்கும் ஒரு முனை சுவருக்குள், மறுமுனை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து அதுவே நடுத்தூண், இதில் ஒரு படியை உருவினால் மேலே நிற்பவன் கதி என்ன என்று யோசித்தேன், மேலே நின்றவன் நான்தான். உட்கார்ந்தபடியே இறங்கியதில் வேட்டி பின்பக்கம் தேய்ந்து கிழிந்துவிட்டது. உன் அக்கா தெய்வநாயகிக்குத் தெரிய வேண்டாம்.

கீழே வந்தால், போர் போடும் முன் செய்கிற பழக்கத்தில் நம் ஆட்கள் கோபுர வாசலுக்கே சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். கடப்பாரையை எடு என்றால் வளவன் கையைக் கட்டிக்கொள்கிறான்.

"ஏனுங்க, கும்புட்டுப்போட்டு எப்படியுங்க இடிக்கிறது?"

"பூமியையும் கும்புட்டுத்தானடா தொளைக்கிறோம்?"

"அது தண்ணி குடுக்குமுங்க. இத இடிச்சா என்னங்க குடுக்கும்?"

அந்நேரம் பார்த்து மீனவர் குப்பத்துச் சகாயம்மாள் வந்துவிட்டார். "விளக்கு எரியாட்டி என்னய்யா? எம்மவன் படகு இந்தக் கோபுரத்தப் பாத்துத்தான் பாறையில மோதாம கரைக்கு வருது. இத இடிச்சுட்டு அங்க நீ நிப்பியா?"

நான் ஐந்தரை அடி, மாப்பிள்ளை.

இடிக்கும் செலவில் பாதிக்குப் பூசிவிடலாம், பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் போடலாம் என்று உப்பளக்காரரிடம் பேசினேன். யோசிக்கிறேன் என்றார். வியாபாரத்தில் அது பாதிச் சம்மதம். இனி நமக்கு இங்கே வேலையில்லை. இடித்த கல்லை அள்ள லாரி அனுப்பாதே. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த ஆயுளில் அந்தப் படியில் மறுபடி கால் வைக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் உங்களைக் காக்கட்டும். அவரிடம் போகவாவது பஸ் இருக்கிறது.

உன் மச்சான்,
சின்னுசாமி

பி.கு.: உப்பளக்காரர் சரி என்றுவிட்டார். லாரியை உடனே அனுப்பு. பூச்சு வேலைக்குச் சங்ககிரிச் சுண்ணாம்பு முப்பது மூட்டை, அதில் கலக்கத் தம்மம்பட்டியில் சொல்லிக் கடுக்காய் இரண்டு மூட்டை ஏற்று. கூடச் சேர்க்கிற கருப்பட்டி இங்கேயே கிடைக்கிறது. இரண்டு மாதமாகும், அக்காவிடம் நீயே சொல்லிவிடு. காலையில் மறுபடி ஏறினேன். சகாயம்மாளின் மகன் படகு திரும்புவதை அவருக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். இதை உச்சியிலிருந்துதான் எழுதுகிறேன். கடிதத்தை வளவன் கீழே கொண்டுபோவான். என்னை யார் கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.