சுகர் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் சாமியார்

சர்க்கரை நோயாளிகளில் பல வகை உண்டு. அவர்களில் எனக்கு மிகவும் பிடித்த வகையை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். மாதத்தில் இருபத்தெட்டு நாள் மனிதர். இரண்டு நாள் சாமியார்.

எப்படி அடையாளம் காண்பது? ஏம்பலத்தில் கரும்பு போட்டிருக்கும் பலராமனைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமை சுகர் பார்க்கிறார்கள் என்றால், திங்கட்கிழமை வரைக்கும் தவளக்குப்பம் கடையில் சூடான ஜாங்கிரி, சர்க்கரை தூக்கலாக டீ, கல்யாணத்துக்குப் போனால் 'வேண்டாமென்றால் பெண் வீட்டார் மனம் நோகும்' என்று இரண்டு டம்ளர் பாயசம், எல்லாம் தாராளமாக நடக்கும். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் துறவு. பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், வரப்பில் ஐந்து சுற்று நடை. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மாத்திரைகள் வேளை தவறாமல் உள்ளே போகும். பக்கத்தில் யாராவது வாழைப்பழம் உரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வியாழன் காலை நர்ஸ் கிரேஸ் மேரி விரலில் குத்தியதும் மெஷினையே பார்ப்பார் பாருங்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது.

"நூத்திப் பதினெட்டுண்ணே. சூப்பர்!"

உடனே பக்கத்து பெஞ்சுக்கு உபதேசம். "உனக்கு எவ்ளோபா? எரநூத்தி நாப்பதா? இன்னாபா நீ! வாயக் கட்டணும்பா, வாயக் கட்டணும்!"

வாயைக் கட்டியவர் அங்கிருந்து நேராகப் போவது டீக்கடைக்கு.

அந்த நூற்றுப் பதினெட்டு சும்மா இருக்குமா? பதிவேட்டில் ஏறும், அங்கிருந்து மாத அறிக்கைக்கு, அறிக்கையிலிருந்து மேலதிகாரிக்கு, அவரிடமிருந்து தில்லிக்கு. 'சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளோர்' கணக்கில் ஒரு தலை கூடும். பலராமன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தேசத்துக்கே சர்க்கரை குறைகிறது! மாத்திரை இலவசம், டெஸ்ட் இலவசம், டாக்டரும் தங்கமானவர். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு, பலராமனின் இடது கால் பெருவிரல். கரும்புக் கட்டை குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை.

"அந்தக் காலயும் டாக்டராண்ட காட்டிட்டு வாய்யா," என்று அவர் மனைவி விருத்தாம்பாள் தினமும் கெஞ்சினார்.

"சும்மா இருடி. நூத்திப் பதினெட்டு வாங்கிட்டு, புண்ணு ஆறலன்னு போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

புண்ணை மறைக்க ஒரு கான்வாஸ் ஷூ வாங்கினார். ஊருக்கு அது வாக்கிங் ஷூ.

போன மாதம் கிரேஸ் மேரி விரலை விட்டுவிட்டுக் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். மூன்று மாத சராசரியைக் காட்டும் டெஸ்ட்டாம். ஏழுக்குள் இருக்க வேண்டியது பத்தரை வந்தது. பலராமன் கொதித்துவிட்டார்.

"இது அநியாயம் சிஸ்டர்! இந்த மாதிரி டெஸ்ட்டுன்னு முன்னாடியே சொல்ல வேணாமா?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"எத்தினி நாளு பட்டினி கெடக்கணுமோ கெடந்திருப்பேன்!"

"தொண்ணூறு நாளுண்ணே. மொதல்ல ஷூவக் கழட்டுங்க. அண்ணி எல்லாத்தயும் சொல்லிட்டாங்க."

கழற்றினார். உபதேசம் கேட்டு வளர்ந்த பெஞ்சு மொத்தமும் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தியது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். விருத்தாம்பாள் அங்கேயே அழுதார். பலராமன் அன்றைக்குத்தான் முதல்முறையாக, டீக்கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனார். தினமும் கட்டு மாற்றி, மாத்திரையைக் கூட்டி, விரல் பிழைத்துக்கொண்டது. சாமியாரும் இப்போது முழுநேரம் என்று கேள்வி. மூன்று மாதம் கழித்துத்தான் நம்புவேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் போன டெஸ்ட்டில் நார்மல், சந்தோஷம். அதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் குனிந்து, உங்கள் கால் விரல்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன, தொப்பை மறைக்கிறதா?