மார்லிஸுக்கு இடமில்லாத விமானம்

விஸ்கான்சின்,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹார்லன் அவர்களுக்கு எல்மர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை மார்லிஸும் சுகம். உங்கள் பசுக்களும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக முழங்கால், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் அதைத் தட்டித் தட்டிச் சிரிக்கப்போகிறீர்கள்.

மச்சான், நான் என் கையால் விமானம் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, "மாப்ளே, அது பறக்குமா, இல்ல கோழி அடைக்கிறதுக்கா?" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கேட்டுவந்தவர் நீங்கள். பறந்தது. நாலு வருடமாக நன்றாகவே பறக்கிறது. ஆனால் அதில் இருக்கும் இரண்டாவது இருக்கையில் மார்லிஸ் இதுவரை உட்காரவில்லை. உட்கார மறுத்தது அவள் இல்லை. "இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு, அப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்று தள்ளிப்போட்டது நான்தான். எல்லாம் அவள் சௌகரியத்துக்காக. முதலில் அவள் இடுப்புக்காக இருக்கையில் தடித்த மெத்தை போட்டேன். மேலே குளிருமே என்று ஹீட்டர் வைத்தேன். ஹீட்டர் உறுமியது, அந்தச் சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்தேன், பலகை பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதற்குமேல் தோல் தைத்தேன், தோலுக்குப் பொருத்தமாகத் தரையில் கம்பளம் விரித்தேன், இவ்வளவு செய்துவிட்டு வால் மட்டும் மொட்டையாக இருந்தால் நன்றாயிருக்காதே என்று அதில் 'மார்லிஸ்' என்று பொன்நிறப் பெயிண்டால் நாலு பூச்சுப் பூசி எழுதினேன். வால் கனத்துவிட்டது. விமானத்துக்கு வால் கனக்கக் கூடாது, கனத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு கவிழ்த்துவிடும். அதைச் சரிக்கட்ட மூக்கில் ஒரு ஈயக்கட்டியை வைத்து முடுக்கினேன்.

இப்போது வரும் சனிக்கிழமை உங்கள் எழுபதாவது பிறந்தநாள். தேவாலயத்தில் நடந்த விருந்தில் மார்லிஸ் எழுந்து நின்று ஊருக்கே சொல்லிவிட்டாள்: "நாங்க இந்தத் தடவை வானத்துலேர்ந்துதான் வர்றோம். அண்ணன் வீட்டுப் புல்வயல்லயே இறங்கப்போறோம்!" சிவப்புக் கழுத்துத்துணிகூட வாங்கிவிட்டாள். உங்கள் வீட்டுப் பேரன் பேத்திகளெல்லாம் வயலோரம் நின்று கையாட்டப்போவதாகத் தகவல்.

நேற்று, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று, விமான நிலையத்து மெக்கானிக் வெர்னைக் கூப்பிட்டுச் சக்கரத்துக்கு ஒரு தராசு வைத்து விமானத்தை எடை போட்டோம். வெர்ன் கூட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கூட்டினார்.

"ஏம்ப்பா எல்மர், இதுல நீ போலாம். பெட்ரோல் போலாம். மடியில ஒரு நாய்க்குட்டிய வச்சுக்கலாம். அதுக்கு மேல ஆகாது."

பெட்ரோலைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தோம், நாய்க்குட்டி வளர்ந்து நாயானது, அவ்வளவுதான். மார்லிஸின் எடையை நான் இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கே தெரியும், எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

"அந்தக் கம்பளம், ஹீட்டர் எல்லாத்தையும் பிச்சு எறி" என்றார் வெர்ன்.

"போய்யா! எல்லாம் அவளுக்காகச் செஞ்சது. அவ வெறும் தகரத்துல உக்காருவாளா?"

அவளுக்காகச் செய்ததெல்லாம் சேர்ந்து அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டது, மச்சான். இதை நான் எந்த வாயால் அவளிடம் சொல்வேன்? 'உனக்கு இடமில்லை' என்று சொன்னால் மனம் உடைந்துபோவாள். 'நீ கனம்' என்று சொன்னால் என் மண்டை உடையும். இன்று காலை மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன்.

"கார்ல போனா வழியில சீஸ் கடையெல்லாம் பாக்கலாமே?"

"சீஸ் கடைய மேலேர்ந்து பாத்துக்கறேன்."

"சரி, கைப்பையை மட்டுமாவது வீட்ல விட்டுட்டு வாயேன்."

"ஏன், என் கைப்பை உங்களை என்ன பண்ணுச்சு?"

நேராக வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகையால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வியாழக்கிழமை நீங்கள் மார்லிஸுக்குப் போன் செய்து, வயல் முழுக்கச் சேறாகிவிட்டது, விமானம் இறங்க வழியில்லை, காரிலேயே வாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அங்கே மூன்று வாரமாக மழை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதனால் பசு தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். எந்தப் பசு என்று கேட்பாள். ஏதாவது ஒரு பெயரைத் தயாராக வைத்திருங்கள். இந்த உதவியைச் செய்தால் அடுத்த பத்து கிறிஸ்துமஸுக்கும் என்னிடம் அந்தக் கோழிக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம், வாயைத் திறக்கமாட்டேன்.

நீங்கள் நூறாண்டு நலமாக வாழ வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு முத்தமும் சொல்லவும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடவும்.

தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
எல்மர்

பின்குறிப்பு: அண்ணா, இது மார்லிஸ். ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அவர் இதை என் கையிலேயே கொடுத்தார். இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒட்டாத உறையில் வைத்துக் கொடுக்க அவரால்தான் முடியும்.

நீங்கள் வியாழக்கிழமை அவசியம் போன் செய்யுங்கள். பசுக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். "ஐயோ பாவம், கார்லயே வர்றோம்" என்று நான் சொல்லும்போது அவர் படும் நிம்மதியை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பல் டாக்டரிடம் போயிருக்கும்போது வெர்னும் நானுமாகக் கம்பளம், பலகை, ஹீட்டர், மெத்தை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடியும் எடை போட்டுவிடுவோம். ஈயக்கட்டியை எவ்வளவு வைப்பது என்பது வெர்ன் பாடு. சனிக்கிழமை காலை சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வெறும் தகரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அவர் என்ன செய்கிறார் பார்ப்போம்.

மெத்தை வேண்டும், ஹீட்டர் வேண்டும் என்று நான் என்றைக்காவது கேட்டேனா, அண்ணா? நாலு வருடச் சாயங்காலத்தையும் எனக்காக என்று சொல்லி விமானக் கொட்டகையிலேயே கழித்தார். நான் கேட்டதெல்லாம் அவர் பக்கத்தில் ஒரு இடம்தான்.

இன்னொன்று. கடிதத்தைப் படித்த கையோடு வெர்னைப் போய்ப் பார்த்தேன், அவர் முழுக் கணக்கையும் காட்டினார். அதில் உங்கள் மாப்பிள்ளை தன் எடை என்று எழுதிவைத்திருப்பது எங்கள் கல்யாணத்தன்று இருந்த எடை. இப்போதுள்ள மாப்பிள்ளையும் ஏற வேண்டுமானால் பாதி டேங்க் பெட்ரோல்தான் ஊற்றலாம். வழியில் ஒருதரம் இறங்கி ஊற்றிக்கொண்டு வருவோம். புல்லை ஒட்ட வெட்டிவையுங்கள். செர்ரிப் பழ கேக்கை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவையுங்கள். திரும்பிப் போகும்போதும் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.