சூடான வண்டியில் அப்பா பேசக்கூடாது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பல வணக்கங்களுடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், நீங்கள் ஊர் மாறிப் போனபோது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன பழைய டீசல் கார் மிக மிக நலம். அப்பா நலமா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. அவர் பேசி இரண்டு நாளாகிறது. காரணம் நான்தான். அதனால் இதைக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்வதாக ஏற்பாடு. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வாளி ஆடுகிறது, நானும் ஆடுகிறேன்.

எட்டு மாதமாக நீங்கள் போன் செய்தால் அப்பா எடுக்காமல் அம்மாவிடம் நீட்டுவது ஏன் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கார் காலையில் சமர்த்தாகக் கிளம்பும். ஓடிச் சூடான பிறகு அணைத்தால் போச்சு. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இஞ்சின் மட்டும் பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும், அவர் சாவியைத் தொட்டதுமே கிளம்பும், அவரும் "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு" என்று அப்பாவை மேலும் கீழும் பார்ப்பார். பேட்டரி மாற்றியாயிற்று, ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டியாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை. கார் அடம்பிடிக்கும்போதெல்லாம் அப்பா சாவியைத் திருப்பிக்கொண்டே அம்மாவிடம், "உன் தம்பி நல்லா என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்" என்று தொடங்கி, உங்கள் சின்ன வயதுச் சேட்டை வரைக்கும் போய்விட்டு வருவார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அணைத்தால்தானே கிளம்பாது, அணைக்கவே வேண்டாம் என்றார். அன்றிலிருந்து எங்கே போனாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், அப்பா அதற்குள்ளேயே இருப்பார். அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது டாக்டர் வாசலுக்கு வந்து குனிந்து, என்னென்ன சாப்பிடக்கூடாது என்று வண்டி ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்றும் அப்படித்தான். என் கணக்கு டீச்சர் கேட் வரைக்கும் நடந்து வந்து, டீசல் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தி என் மதிப்பெண்ணைச் சொன்னார். தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

போன மாதம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியை உங்கள் வீட்டுக்கே ஓட்டி வந்து, சாவியை உங்கள் கூடத்தில் வீசிவிட்டு, "வண்டியும் வேண்டாம், உறவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் திரும்பப் போவதாகச் சொன்னார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நல்லவேளையாக, உங்கள் ஊர் தூரம், வழியில் எங்கேயாவது டீசல் போட நிறுத்தித்தான் ஆக வேண்டும், நிறுத்தினால் கிளம்பாது. அந்தக் கோளாறுதான் நம் உறவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இது புரியாமல் நான் அந்தக் கோளாறைத் தேடப் புறப்பட்டேன், மாமா. வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில், வண்டி நின்ற ஒவ்வொரு தடவையையும் எழுதிவைத்தேன். ஸ்டார்ட்டர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றியது, ஆகவே குற்றம் பேட்டரியில் இல்லை. சுற்றும்போது பின்னால் போய் நின்று பார்த்தேன், புகைக்குழாயில் ஒரு இழை புகைகூட வரவில்லை. டீசல் உள்ளே போனால் எரியாவிட்டாலும் வெள்ளையாகவாவது புகை வர வேண்டுமே. அப்படியென்றால் டீசலே போகவில்லை.

அப்புறம்தான் அந்த "டக்" ஞாபகம் வந்தது. தினமும் காலையில் அப்பா சாவியைப் பாதி திருப்பிவிட்டு, கேட்டைத் திறக்க இறங்கிப் போவார். சாவி திருப்பியதும் முன்னாலிருந்து சின்னதாக ஒரு "டக்" கேட்கும். சூடான வண்டியில் அது கேட்கிறதா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஏனென்றால் சூடான வண்டியில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அப்பா உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த இரண்டு விநாடி சும்மா இருந்ததில்லை. மெக்கானிக்கிடம் ஆறிய வண்டிதான் போகும், அங்கே "டக்" ஒழுங்காகக் கேட்கும். உலகத்தில் யாருமே அதைக் கவனிக்க வழியில்லை.

முந்தாநாள் மத்தியானம் வெயிலில் திரும்பி வரும்போது டீசல் முள் அடியைத் தொட்டுவிட்டது. பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்தால்தான் குழாயையே எடுப்பேன் என்று அங்கே வேலை செய்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அணைத்தோம், நிரப்பினோம், கிளம்பவில்லை. பின்னால் ஏழெட்டு வண்டி. முதலில் ஹாரன் அடித்தார்கள். அப்புறம் அப்பாவின் பேச்சு காதில் விழ, ஹாரனை நிறுத்திவிட்டு உங்கள் கதையைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் இறங்கி, முன்மூடியைத் தூக்கி, இஞ்சினோடு இருக்கிற டீசல் பம்பின் பக்கமாகக் காதை வைத்தேன். அப்பா சாவியைத் திருப்புகிறார், பேசுகிறார், திருப்புகிறார், பேசுகிறார். பங்கு முழுக்க அமைதி, அவர் குரல் மட்டும்தான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அப்பா, கொஞ்சம் வாயை மூடுங்க."

மாமா, அப்படியொரு நிசப்தத்தை நான் பரீட்சை ஹாலில்கூடக் கேட்டதில்லை. அம்மா கையில் இருந்த பையை நழுவவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தபடியே சாவியைத் திருப்பினார். "டக்" இல்லை. ஒன்றுமே இல்லை. நான் என் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, பம்பின் தலையில் கம்பி போய்ச் சேருகிற கட்டைவிரல் அளவு உருளைமேல் போட்டேன். ஆவி பறந்தது. நூறு எண்ணினேன், மறுபடி நனைத்தேன், இன்னொரு நூறு எண்ணினேன். "இப்ப திருப்புங்க" என்றேன். "டக்." ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, இஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன, இந்தத் தடவை சந்தோஷத்தில். டீசல் போட்டவர் கட்டிய கையை அவிழ்த்துக் கை தட்டினார்.

நேற்று மெக்கானிக் அந்த உருளையை மாற்றினார். சாவி போட்டதும் டீசலுக்கு வழி திறந்துவிடுகிற காந்தச் சுருளாம். பழசாகி, சூட்டில் சக்தி குறைந்துவிட்டதாம். ஓடும்போது திறந்த வழியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கும், அணைத்துவிட்டால் புதிதாக இழுக்க முடியாது. "யாரு சார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் விரலை நீட்டினார். வாய் திறக்கவில்லை. நேற்று மட்டும் ஏழு இடத்தில் அணைத்து ஏழு இடத்திலும் கிளம்பிவிட்டோம். ராணி மாதிரிப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் பயம் பிடித்தது. இப்போது வண்டி எங்கே நிறுத்தினாலும் கிளம்புகிறது. உங்கள் ஊர் வரைக்கும் தாராளமாக வரும். சாவியை வீச அப்பாவுக்கு நானே பாதை போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா பேசாமல் இருப்பது என்மேல் கோபத்தாலா, உங்கள்மேல் கோபத்தாலா தெரியவில்லை. ராத்திரியில் தனியாகப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறார். எதற்கும் உங்கள் வீட்டுக் கதவைக் கொஞ்ச நாள் சாத்தியே வையுங்கள். முடிந்தால் நீங்களே முந்திக்கொண்டு ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். நான் எழுதியது யாருக்கும் தெரிய வேண்டாம்.

நீங்களும் உங்கள் புது ஊரும் உங்கள் புது வண்டியும் சூட்டிலும் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகள்.

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது அப்பா கதவைத் தட்டினார். வயிற்றுவலி என்றேன். "மாமாவுக்குத்தானே எழுதுற? இதையும் சேர்த்து எழுது" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்ல ஆரம்பித்தார். ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு ஓட்டுனதுல, அவருக்கு வண்டியில ஒவ்வொரு சத்தமா கேக்குதாம். பின்பக்கம் வலது சக்கரத்துல ஒரு கிர்ர் சத்தமாம், அது கண்டிப்பா உங்க காலத்துலயே இருந்திருக்குமாம், நீங்க சொல்லாம மறைச்சிட்டீங்களாம். ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் வர்றோம். சாவியைத் திருப்பிக் குடுக்கவா அப்பான்னு கேட்டேன். "நல்லா ஓடுற வண்டிய எவனாவது குடுப்பானா?" என்றார். அவர் ஓட்டுவாராம், நீங்க பக்கத்துல வாயைத் திறக்காம உட்கார்ந்து அந்தக் கிர்ரைக் கேக்கணுமாம். அம்மா இப்பவே பெட்டி அடுக்குறா. கதவைத் திறந்தே வையுங்க மாமா.