என் விரலுக்கு மனைவி போடாத கையெழுத்து

எதையும் பாதி தெரிந்துகொண்டால் தூக்கம் வராத ஜென்மம் நான். அதற்கு அத்தாட்சி, வலது ஆள்காட்டி விரலில் இன்றும் கடுகளவு தழும்பாக இருக்கிறது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இருந்த 'வொர்க்மேன்' என்ற ஆண் தொழிலாளி போய், எல்லாருக்கும் பொதுவான 'எம்ப்ளாயி', அதாவது பணியாளர், வந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனிப் படிவத்தில் மட்டும் அடிபடுகிறவன் எப்போதும் ஆண்தான். 'அவன்', 'அவனது மனைவி' என்றே போகும். தையல் பிரிவில் உட்கார்ந்திருப்பதோ அத்தனையும் பெண்கள். அவர்களுக்காக யாரோ அடியில் பேனாவால் கோடு போட்டு 'கணவர் கையெழுத்து' என்று எழுதியிருந்தார்கள். அதையே காலங்காலமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் பொதுவா மாத்திடுப்பா" என்றார் மேனேஜர்.

மாற்றினேன். 'அவன்' எல்லாம் 'பணியாளர்' ஆனது. 'கணவர் கையெழுத்து' என்பதை 'வாழ்க்கைத்துணையின் கையெழுத்து' ஆக்கினேன். (சமத்துவத்தையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.)

புதுப் படிவத்துக்கு முதல் ஆள் கஸ்தூரி அக்கா. பன்னிரண்டு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். விரலில் ஊசி இறங்கி, கட்டுப் போட்ட கையோடு வந்தார். கணவர் லாரியில் வடக்கே போயிருந்தார். திரும்பப் பத்து நாள் ஆகும்.

"அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிட்டு வாங்கக்கா. அப்பதான் பேப்பர் போகும்."

"இன்னா சார் இது பேஜாரு? வெரலு என்னுது, வலி என்னுது, கையெழுத்து மட்டும் அவருதா?"

"இப்ப ஆம்பளைங்களுக்கும் அதே ரூல்தான்க்கா. அவங்க வீட்டம்மா போடணும்" என்றேன் பெருமையாக.

பேப்பர் போனால்தான் வேலைக்கு வராத நாட்களுக்கு அவருக்கு ஏதாவது கிடைக்கும். அது தெரிந்தும் நான் அசையவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

படிவத்தில் இன்னொரு கட்டம், 'விபத்து நேர்ந்த விதம்'. பன்னிரண்டு வருடம் தைத்தவர் விரலில் ஊசி எப்படி இறங்கும்? எனக்கு மண்டை குடைந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு தையல் பிரிவுக்குப் போய், மெஷினில் நானே உட்கார்ந்தேன்.

"இப்படித்தான் கைய வச்சீங்களா?"

"ஆமா சார். ஆனா பெடல்ல கால வெக்காதீங்க..."

வைத்துவிட்டேன்.

என் அலறல் கட்டிங் பிரிவு வரை கேட்டதாம். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினால், மேஜையில் என் பெயருக்கே ஒரு படிவம். மேனேஜர் நிரப்பி வைத்திருந்தார். எதிரே நாற்காலியில் கஸ்தூரி அக்கா.

"வீட்டம்மா கையெழுத்து சார்?"

என் மனைவி ரேவதி மாதனூரில் வேறொரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். அரை நாள் லீவு போட்டு வந்தாள். ஷூவில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், படிவத்தைப் படிக்காமல் விடுவாளா? "விபத்து நேர்ந்த விதம்: ஆர்வக்கோளாறு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். பிறகு கடைசி வரிக்கு வந்தாள்.

"இது எதுக்கு? நான் போடலன்னா உங்க வெரல்ல ஊசி எறங்கலன்னு ஆயிடுமா?"

"இல்ல, எல்லாருக்கும் சமமா..."

"சட்டத்துல கேட்டிருக்காங்களா?"

ஊரில் உள்ளதையெல்லாம் நோண்டுகிற நான் அதை மட்டும் பார்த்திருக்கவில்லை. சட்டத்தை அங்கேயே எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கையெழுத்து எங்கேயும் கேட்கவில்லை. தூக்கி எறிய வேண்டிய வரியைத் துடைத்து மினுக்கி, ஆண்கள் தலையிலும் கட்டியிருக்கிறேன்!

இடது கையால் அந்த வரியை அடித்தேன், இரண்டு படிவத்திலும். கஸ்தூரி அக்கா கட்டுப் போட்ட விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கையெழுத்தைத் தானே போட்டார். அவர் பேப்பர் அன்றைக்கே போனது.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த வரி இன்னும் அடிபடவில்லை. நான் இரண்டு முறை இருமினால் போதும், மகள் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் ஓடுவாள்.

"அப்பாவுக்கு இருமலாம். கையெழுத்து போடும்மா."

ரேவதி அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட மாட்டாள்.

"நேர்ந்த விதம் இன்னான்னு மொதல்ல எழுதச் சொல்லு."